விமானி அறையின் பழைய எச்சரிக்கைகள்: யாருக்கு ஆபத்து, என்ன உரிமை?

போயிங் 737 விமானம் முதன்முதலில் பறந்தது 1967இல். அதே வரிசையில் வந்த 737 மேக்ஸ் பயணிகளை ஏற்றத் தொடங்கியது 2017இல். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளில் எஞ்சின், இறக்கை, திரைகள் எல்லாம் மாறிவிட்டன. கோளாறு நேர்ந்தால் அதை விமானிக்குத் தெரிவிக்கும் முறை மட்டும் அடிப்படையில் பழையதாகவே இருக்கிறது. முதலில் கண்ணெதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். பக்கத்திலுள்ள சிறு பலகை, கோளாறு எந்தப் பிரிவில் என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு விமானி தலைக்கு மேலுள்ள பலகையில் உரிய விளக்கைத் தேட வேண்டும். பிறகு கையேட்டைப் புரட்ட வேண்டும்.

1980களின் தொடக்கத்தில் வந்த 757, 767 விமானங்களிலேயே போயிங் இதைவிட நல்ல ஏற்பாட்டைச் செய்துவிட்டது. ஐகாஸ் எனப்படும் அந்த அமைப்பில், என்ன கோளாறு என்பது நடுத்திரையில் எழுத்தாகவே வரும். அவசரமானது சிவப்பிலும் அடுத்தது மஞ்சளிலும் தெரியும். ஏர்பஸ்ஸின் ஈகேம் அமைப்பு, அடுத்து செய்ய வேண்டியதையும் திரையில் வரிசையாகக் காட்டும். 737க்கு இது வராததற்குக் காரணம் தொழில்நுட்பக் குறை அல்ல. பழைய தகுதிச் சான்றைத் திருத்தி வெளியிடும் புதிய வடிவத்துக்குப் புதிய விதிகள் எல்லாம் பொருந்த வேண்டியதில்லை என்ற சலுகை சட்டத்தில் உண்டு. விமானி அறை மாறினால் விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி தர வேண்டிவரும். விமான நிறுவனங்களுக்கு அது செலவு. அந்தப் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக ஒரு பெரிய வாடிக்கையாளரிடம் போயிங் ஒப்புக்கொண்டிருந்தது.

எச்சரிக்கையைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதை 2005 ஆகஸ்ட் 14 அன்று ஹீலியோஸ் நிறுவனத்தின் 737 காட்டியது. சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய அந்த விமானத்தில் காற்றழுத்தக் கட்டுப்பாடு கைமுறை நிலையில் விடப்பட்டிருந்தது. மேலே ஏறும்போது அபாய ஒலி எழுந்தது. அதே ஒலி தரையில் இருக்கும்போது ‘புறப்பாட்டு அமைப்பு சரியில்லை’ என்று பொருள்படும். விமானிகள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைந்து நினைவிழந்தார்கள். எரிபொருள் தீர்ந்து விமானம் கிரேக்க மலைப்பகுதியில் விழுந்ததில் 121 பேரும் இறந்தனர். இரண்டு பொருளுக்கு ஒரே ஒலி என்பது விமானி செய்த தவறல்ல, வரைபலகையில் நடந்த தவறு. இரண்டையும் பிரித்துக்காட்டும் விளக்குகள் அமெரிக்காவில் கட்டாயமானது 2011இல்தான்.

மேக்ஸ் விபத்துகளில் இதே குறை பெருகி வெளிப்பட்டது. எம்காஸ் என்ற தானியங்கி மென்பொருள், காற்று விமானத்தைச் சந்திக்கும் கோணத்தை அளக்கும் இரண்டு உணரிகளில் ஒன்றை மட்டும் நம்பி மூக்கைக் கீழே தள்ளியது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றிய விளக்கம் இல்லை. 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் விமானம் தரையை விட்டு எழுந்ததுமே, தூக்குவிசை இழக்கும் ஆபத்தை உணர்த்தும் வகையில் கட்டுப்பாட்டுத் தண்டு அதிரத் தொடங்கியது; வேகமும் உயரமும் இரு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்ற எச்சரிக்கைகளும் வந்தன. உணரிகள் இரண்டும் முரண்படுகின்றன என்று நேராகச் சொல்லியிருக்க வேண்டிய எச்சரிக்கை வேலை செய்யவில்லை; கூடுதல் விலைக்கு விற்கப்பட்ட ஒரு கருவி இருந்தால்தான் அது இயங்கும் நிலை இருந்தது. இந்தக் குளறுபடி 2017லேயே போயிங்குக்குத் தெரியும். அந்த விபத்தில் 189 பேர் இறந்தனர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானத்தில் 157 பேர் இறந்தனர்.

எம்காஸ் தவறாக இயங்கினால் விமானி நான்கு நொடிக்குள் புரிந்து செயல்படுவார் என்பது போயிங்கின் கணக்கு. ஒரே நேரத்தில் பல எச்சரிக்கைகள் மோதும்போது மனிதர் எப்படி நடப்பார் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019 செப்டம்பரில் சுட்டிக்காட்டியது. இது புதிய ஞானமும் அல்ல. இரண்டாம் உலகப் போரின்போதே, பி-17 விமானிகள் தரையிறங்கியபின் இறக்கை மடிப்புக்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிடுவதற்குக் காரணம் ஒரே மாதிரியான கைப்பிடிகள்தான் என்று உளவியலாளர் அல்போன்ஸ் சப்பானிஸ் கண்டறிந்தார்.

நவீனத் திரை இருந்தால் போதும் என்பதும் இல்லை. 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் ஏர்பஸ்ஸில், வேகம் மிகக் குறைந்தபோது தூக்குவிசை இழப்பு எச்சரிக்கை நின்றுபோனது. விமானி மூக்கைச் சரியாகத் தாழ்த்தியபோது மறுபடி ஒலித்தது. சரியான செயலுக்குத் தண்டனைபோல வந்த அந்த ஒலி குழப்பத்தைக் கூட்டியது.

தீர்வுகள் பாதிவழி வந்திருக்கின்றன. எம்காஸ் இப்போது இரு உணரிகளையும் ஒப்பிடும். சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். 2022 டிசம்பருக்குப் பின் சான்று பெறும் விமானங்களில் நவீன எச்சரிக்கை அமைப்பு வேண்டும் என்று 2020இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றியது. கெடு நெருங்கியதும் மேக்ஸ் 7, மேக்ஸ் 10 வடிவங்களுக்கு விலக்கும் அதுவே அளித்தது. பதிலுக்குக் கேட்டவை இரண்டு: கோணத்தைச் சரிபார்க்க மூன்றாவது வழி, பொய்யான அதிர்வையும் அதிவேக எச்சரிக்கையையும் நிறுத்தும் வசதி. இவை பயனுள்ளவைதான், ஐகாஸுக்கு ஈடாகா.

பயணிக்கு விமானி அறையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. முன்பதிவின்போது விமான வகையைப் பார்க்கலாம், ஆனால் நிறுவனம் அதைக் கடைசி நேரத்தில் மாற்றலாம். உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு உள்ள உரிமை வலுவானது. 2009 முதல் இந்தியாவும் உறுப்பினராக உள்ள மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சர்வதேசப் பயணத்தில் குறிப்பிட்ட வரம்பு வரை விமான நிறுவனம் தன்மீது தவறில்லை என்று வாதிட முடியாது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,51,880 எஸ்.டி.ஆர். எனப்படும் சர்வதேச நாணய அலகுகள். விமானத்தைச் செய்த நிறுவனம் இந்த உடன்படிக்கைக்குள் வராது. அதன்மீது தனி வழக்குத் தொடுக்க வேண்டும். விபத்து விசாரணை அறிக்கையின் நோக்கம் பழி சுமத்துவதல்ல என்று சர்வதேச விதியே சொல்வதால், ‘விமானியின் தவறு’ என்ற முதல்நாள் செய்தி எந்தக் கோரிக்கையையும் முடித்துவிடாது.

லயன் ஏர் விபத்துக்குப் பின் சில குடும்பங்களிடம் இழப்பீட்டுடன் நீட்டப்பட்ட ஒப்பந்தத் தாள்களில், உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடரும் உரிமையையும் விட்டுக்கொடுக்கும் வாசகம் இருந்தது. இத்தகைய தாள் எதிலும் வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். உடன்படிக்கையின் கீழ் வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம்.