வாகை சூடாத வெற்றி

பகைவரை வென்று மீளும் வீரனைப் போற்றுவது பழந்தமிழர் மரபு. வெட்சி முதல் வாகை வரை புறத்திணைகள் பலவும் போரின் படிநிலைகளைப் பேசுகின்றன. போரிடும் இருவருக்கு இடையே நின்று சமாதானம் பேசும் பணியைக் கோவூர்கிழார் போன்ற புலவர்களே மேற்கொண்டனர். இருபதாம் நூற்றாண்டிலோ அப்பணி படைவீரனின் தோள்களிலும் ஏறியது. வெல்லுதற்குப் பகைவன் இல்லாத களம் ஒரு வீரனிடம் எதை எதிர்பார்க்கிறது? கொரியாவில் இந்தியப் படையினர் ஆற்றிய பணி இவ்வினாவுக்கு விடை தருகிறது.

மலைக்கணவாயின் தளபதி

கர்நாடகத்தின் குடகுப் பகுதியில் 1906ஆம் ஆண்டு பிறந்தவர் கே.எஸ். திம்மையா. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாக் களத்தில் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிப் போரிட்டவர். 1948ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், காஷ்மீரில் ஏறத்தாழ 11,500 அடி உயரத்தில் உள்ள ஜோசி லா கணவாயை அவரது படை தாக்கிக் கைப்பற்றியது. அத்துணை உயரத்திற்கு டாங்கிகள் வரக்கூடும் என எதிரிகள் எண்ணியிருக்கவில்லை. லடாக்கிற்குச் செல்லும் வழி அவ்வெற்றியால் திறந்தது. நாடே அவர் பெயரைப் பேசியது.

ஐந்து ஆண்டுகள் கழித்து அவருக்குக் கிடைத்த பணி முற்றிலும் வேறானது. தாக்குவதற்குக் கணவாயும் இல்லை; வெல்வதற்குப் பகைவரும் இல்லை. போர்க்கைதிகளைக் காத்து, அவர்தம் விருப்பத்தைக் கேட்டறியும் பணி அது.

மருந்துப் பெட்டியுடன் சென்ற வீரர்கள்

கொரியப் போர் 1950 ஜூன் 25ஆம் நாள் தொடங்கியது. போரிடும் படையை இந்தியா அனுப்பவில்லை. மாறாக, லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60ஆவது வான்குடைக் கள மருத்துவப் பிரிவை அனுப்பியது. இந்திய வான்குடைப் படையினருள் முதன்முதலாக வான்குடையில் குதித்தவர்களுள் ரங்கராஜும் ஒருவர்.

அவ்வாண்டின் இறுதியில் சீனப் படைகள் முன்னேறவே, பியோங்யாங் நகரிலிருந்து ஐ.நா. படைகள் பின்வாங்கின. மருத்துவக் கருவிகளை ஏற்றிச் செல்ல வண்டிகள் கிடைக்கவில்லை. கருவிகளைக் கைவிட்டால் பிரிவு பயனற்றுப்போகும். எனவே வீரர்கள் பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்தனர். அதன் கொதிகலனில் வாளிகளால் நீர் நிரப்பினர். கருவிகளைப் பெட்டிகளில் ஏற்றித் தாமே ஓட்டிச்சென்று, பாலம் தகர்க்கப்படுமுன் ஆற்றைக் கடந்தனர். 1951 மார்ச் மாதத்தில் அப்பிரிவினர் சிலர் அமெரிக்க வான்குடைப் படையுடன் முன்சான் பகுதியில் குதித்து, காயமுற்றோர்க்குக் களத்திலேயே அறுவை சிகிச்சை செய்தனர். ரங்கராஜுக்கு மகாவீர் சக்கர விருது வழங்கப்பட்டது. ஓர் உயிரையும் பறிக்கும் நோக்கமின்றிச் சென்ற பிரிவின் தலைவருக்குப் போர்க்கள வீரத்திற்குரிய விருது கிடைத்தது குறிப்பிடத்தக்கது.

கைதிகள் என்னும் சிக்கல்

கொரியாவில் போர் ஓய்வதை நெடுங்காலம் தடுத்து நின்றது போர்க்கைதிகள் பற்றிய கருத்து வேறுபாடு. கைதிகள் அனைவரும் தத்தம் நாட்டிற்குத் திருப்பி அனுப்பப்பட வேண்டும் என்றது வடகொரிய, சீனத் தரப்பு. விருப்பமில்லாதவரை வற்புறுத்தி அனுப்பலாகாது என்றது ஐ.நா. தரப்பு. 1953 ஜூலை 27ஆம் நாள் கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாடு இதற்கு ஒரு வழி கண்டது. திரும்பிச் செல்ல மறுப்போரை நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று பொறுப்பேற்கும். அவர்களுடைய நாடுகளின் பேராளர்கள் வந்து விளக்கம் அளிப்பர். அதன்பின் கைதி தன் முடிவைத் தானே கூறுவான்.

சுவீடன், சுவிட்சர்லாந்து, போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளோடு இந்தியா அவ்வாணையத்தில் இடம்பெற்றது. தலைவராகத் திம்மையா பொறுப்பேற்றார். கைதிகளைக் காக்கும் இந்தியக் காவற்படைக்கு மேஜர் ஜெனரல் எஸ்.பி.பி. தோரட் தலைமை தாங்கினார். ஐ.நா. தரப்பு 22,604 கைதிகளையும், எதிர்த்தரப்பு 359 கைதிகளையும் ஒப்படைத்தன.

இடையில் நின்ற படை

தொடக்கமே தன்மதிப்பைச் சோதிப்பதாக அமைந்தது. இந்திய வீரர்கள் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றது தென்கொரிய அரசு. ஆகவே, கடல்வழி வந்த ஏறத்தாழ 6,000 வீரர்கள் ஹெலிகாப்டர்களில் ஏற்றப்பட்டுப் படைநீக்கப் பகுதியில் இறக்கப்பட்டனர். கைதிகளும் அவர்களை ஐயத்துடனேயே நோக்கினர். தங்களை எதிர்த்தரப்பிடம் ஒப்படைக்கவே இந்தியர் வந்துள்ளனர் என எண்ணி வசைபாடினர், கற்களை வீசினர். பயிற்சி பெற்ற வீரர்கள் அவற்றைப் பொறுத்து நின்றனர்.

1953 செப்டம்பரில் இந்திய அதிகாரி ஒருவரைக் கைதிகள் தம் முகாமிற்குள் பிடித்து வைத்தனர். படையைக் கொண்டு மீட்டிருந்தால் பலர் மாண்டிருப்பர். தோரட் ஆயுதமின்றி முகாமிற்குள் நுழைந்தார். சினத்துடன் சூழ்ந்து நின்றவர்களோடு பொறுமையாகப் பேசி, அந்த அதிகாரியை மீட்டு வந்தார். எல்லா நாள்களும் அவ்வாறு முடியவில்லை. அக்டோபர் தொடக்கத்தில் கைதிகள் கூட்டமாகத் தப்ப முயன்றபோது காவலர்கள் சுட நேர்ந்தது, சிலர் உயிரிழந்தனர். பொறுமைக்கும் கடமைக்கும் இடையிலான கோடு எத்துணை மெல்லியது என்பதை அந்நாள்கள் காட்டின.

முகாமிற்குள் இருந்த தலைவர்கள், நாடு திரும்ப விரும்பியோரை அச்சுறுத்தினர். எனினும் துணிந்து வேலியருகே ஓடிவந்தோரை இந்தியக் காவலர்கள் காத்து, அவர்கள் விரும்பியவாறே அனுப்பினர். தனிமனிதனின் முடிவைப் பெருங்கூட்டத்தின் மிரட்டலிலிருந்து காப்பதும் ஒரு போர்தான் எனலாம்.

முழு வெற்றி கிட்டாத பணி

விளக்கம் அளிக்க ஒதுக்கப்பட்ட 90 நாள்களுள் 10 நாள்கள் மட்டுமே அது நடைபெற்றது. ஆணையத்தின் உறுப்பு நாடுகளும் இரு பிரிவாய் நின்றன. கைதிகளை விடுவித்துவிட வேண்டும் என்றது ஒரு தரப்பு. தொடர்ந்து காவலில் வைக்க வேண்டும் என்றது மறுதரப்பு. இரண்டையும் தாமாகச் செய்ய உடன்பாடு இடம் தரவில்லை எனக் கருதிய திம்மையா, 1954 ஜனவரி 20ஆம் நாள் முதல் கைதிகளை ஒப்படைத்த தரப்புகளிடமே திருப்பித் தந்தார். எந்தத் தரப்பும் முழு நிறைவு கொள்ளவில்லை. எந்நாட்டிற்கும் திரும்ப விரும்பாத சிறு குழுவினர் இந்தியப் படையினருடன் கப்பலேறினர். எனினும், கொரியாவில் ஓய்ந்த போர் கைதிகளை முன்னிட்டு மீண்டும் மூளவில்லை. அதுவே அப்பணியின் பயன்.

1954இல் திம்மையாவுக்குப் பத்ம பூஷண் விருது வழங்கப்பட்டது. 1957 முதல் 1961 வரை அவர் இந்தியத் தரைப்படைத் தலைவராக விளங்கினார். ஒரு பெரும்படையின் தலைமையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும், 1964இல் சைப்ரஸ் தீவில் ஐ.நா. அமைதிப்படையின் தலைமையை அவர் ஏற்றார். கிரேக்க, துருக்கிய இனத்தாரிடையே மீண்டும் ‘இடையில் நிற்கும்’ பணி அது. 1965 டிசம்பர் 18ஆம் நாள், அப்பணியில் இருக்கும்போதே நிக்கோசியாவில் காலமானார். சைப்ரஸ் அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. ஜோசி லா அவருக்குப் புகழைத் தந்தது. பகைத்து நின்ற இரு தரப்பாரும் நம்பக்கூடிய மனிதர் என்னும் பெயரை இடையில் நின்ற பணிகளே தந்தன.

தொல்காப்பியர் வாகைத் திணையைப் போர் வெற்றியோடு நிறுத்திவிடவில்லை. அவரவர் தமக்குரிய செயலில் பிறரினும் மேம்பட்டு விளங்குவதும் வாகையே என வகுத்தார். தாக்கும் ஆற்றல் பெற்றும் தாக்காது நின்ற வீரர்களுக்கும் அப்பூ உரியது.