பாக்டீரியாவுக்கே வைரஸ் வந்தா?

நமக்கு வைரஸ் காய்ச்சல் வந்தா ரெண்டு நாள் லீவு போட்டுப் படுத்துக்கலாம். பாக்டீரியாவுக்கே வைரஸ் வந்தா என்ன பண்ணும்?

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு ஃபேஜ் என்று பெயர். தன் டிஎன்ஏவை பாக்டீரியாவுக்குள் செலுத்தி, உள்ளேயே ஏராளமான நகல்களை உருவாக்கி, கடைசியில் அந்த செல்லையே வெடிக்க வைத்து வெளியே வரும்.

காலரா பாக்டீரியாவை எடுத்துக்கோங்க. அதைத் தாக்கும் ஐசிபி1 என்ற ஃபேஜ், வங்கதேசத்துக் காலரா நோயாளிகளின் மலத்திலேயே கிடைத்தது. இதைச் சமாளிக்க, சில காலரா பாக்டீரியாக்களின் டிஎன்ஏவில் பிஎல்இ என்றொரு பகுதி இருக்கு. ஐசிபி1 நுழைந்ததும் பிஎல்இ விழித்துக்கொண்டு, ஃபேஜ் பெருகுவதைக் கெடுத்துவிடும். அந்த செல் எப்படியும் செத்துடும். ஆனா அதிலிருந்து புது ஃபேஜ் வெளியே வராததால, பக்கத்துல இருக்கிற பாக்டீரியாக்கள் தப்பிச்சுடும்!

வைரஸ் சும்மா இருக்குமா? வைரஸ் டிஎன்ஏவை அடையாளம் கண்டு வெட்டும் கிரிஸ்பர், வழக்கமா பாக்டீரியாவின் ஆயுதம். சில ஐசிபி1 ஃபேஜ்கள் அதே ஆயுதத்தை வைத்துக்கொண்டு பிஎல்இயை வெட்டுவது 2013-ல் தெரியவந்தது.

இதெல்லாம் நமக்கு எதுக்கு? ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியாக்களுக்கு எதிரா, ஃபேஜையே மருந்தாகக் கொடுத்துப் பார்க்கிறாங்க. பாக்டீரியாவிடம் என்ன தற்காப்பு இருக்குன்னு தெரியாம கொடுத்தா அந்த மருந்து பலிக்காமப் போகலாம். அதனாலதான் பல நேரம் ஒரே ஃபேஜை நம்பாம, சில வகைகளைக் கலந்து கொடுக்கிறாங்க.