இணையப் பெட்டியை மாற்றப் போகிறீர்களா?

அடம்பனில் எமக்குக் கடையும் வீடும் ஒரே கூரையின் கீழ்தான். முன்னால் வியாபாரம், பின்னால் குடும்பம். இணைய இணைப்பும் இரண்டுக்கும் ஒன்றே. பகலில் வங்கி வேலை, கொழும்புக்கு ஓடர் அனுப்புவது, கடைக் கமரா எல்லாம் அதில் நடக்கின்றன. மஃரிபுக்குப் பின்னர் பிள்ளைகளின் பாடமும், புத்தளத்தில் இருக்கும் சொந்தங்களோடு வீடியோவில் பேசுவதும் அதே இணைப்பில்தான். கம்பனி தந்த பெட்டி மெதுவாகி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நிறுத்திப் போடும் நிலை வந்தபோது, சரக்கெடுக்கக் கொழும்பு போன சமயம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நான்கு அன்டெனா வைத்த ரவுட்டர் ஒன்றை வாங்கி வந்தேன். கடைக்காரர் “உங்களுக்கு என்ன லைன்?” என்று கேட்கத்தான் செய்தார். “இருப்பதில் நல்லதாகத் தாங்க” என்றேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் சிம் போட இடமே இல்லை. எமது இணைப்போ 4ஜி. இரண்டு மாதம் அந்தப் பெட்டி அரிசி மூட்டைகளுக்கு மேல் சும்மா கிடந்தது.

பிழை என்னுடையது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் இந்தச் சாமானை வாங்கக் கூடாது. சரக்கு வாங்கும்போது எடையும் தரமும் பார்க்கும் நாம், இந்த விடயத்தில் அன்டெனாவின் எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுகிறோம்.

முதலில், உங்கள் பெட்டியில் உண்மையில் குறை உண்டா என்று பாருங்கள். மடிக்கணினி ஒன்றைக் கேபிள் மூலம் நேரடியாகப் பெட்டியில் சொருகி வேகத்தைப் பாருங்கள். பிறகு கேபிளைக் கழற்றி, வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து வைபை மூலம் பாருங்கள். கேபிளில் நன்றாக இருந்து வைபையில் மட்டும் மெதுவாக இருந்தால் உங்கள் வீட்டுக்குள்தான் பிரச்சினை. புதிய ரவுட்டர் உதவும். இரண்டிலும் மெதுவென்றால் இதே சோதனையை சுபஹுத் தொழுகைக்குப் பின்னர் ஒரு முறையும் இஷாவுக்குப் பின்னர் ஒரு முறையும் செய்யுங்கள். விடியற்காலையில் பறந்து, இரவில் படுத்துவிட்டால் கோபுரத்தில் நெரிசல். அதற்கு நீங்கள் எந்தப் பெட்டி வாங்கினாலும் மருந்தில்லை. மாதத்துக்குரிய டேட்டா முடிந்து கம்பனி வேகத்தைக் குறைத்திருந்தாலும் அப்படித்தான். புதுப் பெட்டி வாங்கிய பலருக்கு அந்தப் பணம் மிச்சமாகியிருக்கும், பக்கேஜ் மீதியை ஒருமுறை பார்த்திருந்தால்.

கம்பனி தரும் பெட்டியை நாம் மோடம் என்கிறோம், ரவுட்டர் என்கிறோம், வைபை என்றும் சொல்கிறோம். மூன்றும் சரி. ஏனென்றால் அந்த ஒரு பெட்டிக்குள் மூன்று வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் சிக்னலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றுவது மோடத்தின் வேலை. ஒரே இணைப்பை வீட்டிலுள்ள பத்துப் போன்களுக்கும் பிரித்துக் கொடுப்பது ரவுட்டர். அதைக் கம்பியில்லாமல் காற்றில் பரப்புவது வைபை. முதல் வேலைக்காரன் கம்பனியோடு கட்டுப்பட்டவன். அவனை மாற்றுவது இலகுவல்ல. மற்ற இருவரையும் நீங்கள் விரும்பியபடி மாற்றலாம். வீடுகளில் அதிகம் சோர்ந்து போவதும் அந்த இருவர்தான்.

பழைய செம்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் இணைப்பு வைத்திருப்போருக்கு மட்டும் முதலாமவனையும் மாற்றும் சுதந்திரம் ஓரளவு உண்டு. தொலைபேசி வயர் சொருகும் இடமுள்ள ஏடிஎஸ்எல் ரவுட்டர், கம்பனி தந்த பெயர், இரகசியச் சொல் ஆகியன இருந்தால் போதும். ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தின் எல்லை, அதன் கடைசி வடிவத்திலும் வினாடிக்கு 24 மெகாபிட்தான். அதுவும் தொலைபேசி நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்போருக்கு. நாலைந்து கிலோமீற்றர் தள்ளிப் போனால் வேகம் மிகவும் விழுந்துவிடும். இதற்குப் புதிய பெட்டி வாங்கிச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன். பைபர் வந்திருந்தால் அதற்கு மாறுங்கள்.

பைபரில் நிலைமை வேறு. சுவரில் பொருத்தித் தரும் சிறிய பெட்டியின் தொடர் இலக்கம் கம்பனியின் இயந்திரத்தில் பதியப்பட்டிருக்கும். ஒரே பைபர் இழையில் 32 அல்லது 64 வீடுகள் தொங்குவதால், பதியாத பெட்டியை அந்தப் பக்கம் ஏற்றுக்கொள்ளாது. கடையில் அதேபோல ஒன்றை வாங்கிச் சொருகினால் விளக்கு எரியும், இணையம் வராது. ஆகவே அந்தப் பெட்டியை இருந்த இடத்திலேயே விட்டு, அதிலிருந்து ஒரு கேபிளை உங்கள் சொந்த ரவுட்டருக்கு எடுங்கள். பழைய பெட்டியின் வைபையை நிறுத்திவிடுங்கள். வீட்டுத் தொலைபேசியும் டிவியும் பழையதிலேயே இருக்கட்டும். இன்னொன்று: பைபர் வயரைக் கூர்மையாக மடிக்க வேண்டாம், கழன்ற முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

எமது பகுதியில் பலருக்கும் இருப்பது 4ஜி. இதில்தான் தெரிவு செய்ய நிறைய இருக்கிறது, ஏமாறவும் நிறைய இருக்கிறது. சிம் போடும் ரவுட்டர் எல்லாம் ஒன்றல்ல. 4ஜி சேவை பல அலைவரிசைகளில் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. கையடக்கத் தொலைபேசிகளுக்கு 2013இல் இலங்கையில் 4ஜி வந்தபோது அது 1800 மெகாஹேர்ட்ஸில் வந்தது. அது 3ஆம் இலக்கம். வீட்டு இணைப்புக்கென்று டயலொக் நிறுவனம் 2012 கடைசியில் தொடங்கிய சேவை 2300 மெகாஹேர்ட்ஸ். அது 40ஆம் இலக்கம். நீங்கள் வாங்கும் ரவுட்டரில் 40 இல்லையென்றால், கோபுரம் வீட்டு வாசலில் நின்றாலும் அந்தச் சேவையை அது பிடிக்காது. இப்போது உங்கள் பெட்டி எந்த இலக்கத்தில் ஓடுகிறது என்பதை அதன் உள்பக்கத்தில் பார்க்கலாம். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் 192.168 என்று தொடங்கும் முகவரியைப் போனில் அடித்தால் திறக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். சில வீட்டு இணைப்புகளின் சிம், கம்பனி தந்த பெட்டியைத் தவிர வேறெதிலும் வேலை செய்யாதபடி பூட்டப்பட்டிருக்கும். இதை வாங்க முன்னர் கம்பனியிடம் கேட்க வேண்டும், வாங்கிய பின்னர் அல்ல.

அதே பக்கத்தில் சிக்னலின் பலமும் ஆர்எஸ்ஆர்பி என்ற பெயரில் இருக்கும். மைனஸ் 80 என்றால் மிக நல்லது. மைனஸ் 100 என்றால் சமாளிக்கலாம். 110ஐத் தாண்டினால் எந்த விலையுயர்ந்த ரவுட்டரும் திணறும். எமது வீட்டில் 112 இருந்தது. காரணம் தகரக் கூரை. தகரம் சிக்னலைத் திருப்பி அடித்துவிடும். ஓடும் கல்நாரும் அவ்வளவு மோசமில்லை. பெட்டியை மேசையிலிருந்து எடுத்து, கோபுரம் இருக்கும் திசையிலுள்ள ஜன்னல் ஓரத்தில் உயர வைத்தேன். 97க்கு வந்தது. ஒரு சதமும் செலவில்லை. கட்டுக்கரைக் குளத்தின் வயல் பக்கம் திறந்த வெளியாக இருப்பதால் அலை தூரம் வரும்; ஆனால் நடுவில் மரக்கூட்டம் வந்தால் 2300 போன்ற உயர்ந்த அலைகள் சீக்கிரம் சோர்ந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் வெளி அன்டெனா பொருத்தும் துளையுள்ள ரவுட்டர், அல்லது கூரைக்கு மேலே கம்பத்தில் பொருத்தும் வகை வாங்குவது பயன் தரும்.

அரிசி மூட்டைக்கு மேல் கிடந்த நான்கு அன்டெனாக்காரன் என்ன ஆனான் என்று கேட்பீர்கள். ஜன்னலில் இருக்கும் கம்பனிப் பெட்டியிலிருந்து ஒரு கேபிள் இழுத்து அதைக் கடையின் நடுவில் வைத்தேன். அதன் செட்டிங்கில் ‘அக்சஸ் பொயின்ட்’ என்ற முறைக்கு மாற்றினேன். இப்போது சிம் பக்கத்தைப் பழையது பார்க்கிறது, வைபையைப் புதியது பார்க்கிறது. அந்த முறைக்கு மாற்றாவிட்டால் இரண்டு பெட்டிகளும் ஒன்றுக்குள் ஒன்றாக முகவரி கொடுக்கத் தொடங்கும். கமரா ஓரிடத்தில், கணினி வேறிடத்தில் என்று ஒன்றை ஒன்று காணாது.

சொந்தப் பெட்டி வைக்கும் உரிமை ஒரு காலத்தில் பெரிய வழக்காகவே இருந்தது. அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பனியின் லைனில் அதன் சாமானைத் தவிர வேறெதையும் பொருத்தக் கூடாது என்றிருந்தது. டெக்சாஸைச் சேர்ந்த தோமஸ் கார்ட்டர் என்ற சிறு வியாபாரி, வானொலிக் கருவியைத் தொலைபேசியோடு இணைக்கும் சாதனம் ஒன்றை விற்றார். பெரிய கம்பனி எதிர்த்தது. 1968இல் தீர்ப்பு கார்ட்டருக்குச் சாதகமாக வந்தது. பின்னர் வந்த மோடம் வியாபாரத்துக்கு அது கதவைத் திறந்தது. ஜேர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் வாடிக்கையாளர் தன் விருப்பப் பெட்டியைப் பாவிக்கலாம். கேட்காமலே இணைப்பு விபரங்களைக் கம்பனி கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கிலும் தட்டு அவர்களுடையதுதான். அதற்குப் பின்னால் சொந்த ரவுட்டரை வைக்கலாம்.

கடையில் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘ஏசி 1200’ என்றால் 1200 மெகாபிட் உங்கள் போனுக்கு வரும் என்று அர்த்தமில்லை. 2.4 கிகாஹேர்ட்ஸில் 300, 5 கிகாஹேர்ட்ஸில் 867. இரண்டையும் கூட்டி உருட்டிப் போட்டது. அதிலும் சில மலிவான பெட்டிகளின் கேபிள் துளை 100 மெகாபிட்டோடு நின்றுவிடும். வாசல் சிறிதாக இருந்தால் மண்டபம் பெரிதாக இருந்து என்ன பயன்? வேகமான பைபர் இணைப்புக்குக் கிகாபிட் துளை கேளுங்கள். எம் போன்ற 4ஜிக்காரர்களுக்கு 100 பெரும்பாலும் போதும். 2.4 சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 வேகம், சுவரைக் கண்டால் நின்றுவிடும். இரண்டும் இருப்பதையே வாங்குங்கள்.

மின்வெட்டை மறக்க முடியுமா? 2022 மார்ச் 31இல் 13 மணித்தியாலம் இருளில் இருந்தோம். ரவுட்டருக்கென்று சிறிய யூபிஎஸ் இப்போது கிடைக்கிறது. அதன் மேல் 10,000 மில்லி அம்பியர் என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பற்றரியின் கணக்கு. 12 வோல்டுக்கு அல்ல. கணக்குப் பார்த்தால் 37 வாட் மணி. மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். 8 வாட் எடுக்கும் ரவுட்டருக்கு நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். விற்பவர் எட்டு மணித்தியாலம் என்றால் சிரித்துவிட்டு வாருங்கள். இடி மின்னல் காலத்தில், விசேடமாக ஒக்டோபர், நவம்பரில், மின்சாரச் சொருகியோடு தொலைபேசி வயரையும் வெளி அன்டெனா வயரையும் கழற்றிவிட வேண்டும். பைபர் கண்ணாடி என்பதால் அதன் வழியே மின்னல் வராது. கரண்ட் வழியே வரும்.

கமரா வைத்திருப்போர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டதிலிருந்து எமது மன்னார்க் குடும்பங்கள் பலவற்றுக்கு ஒரு கால் புத்தளத்தில், ஒரு கால் இங்கே. கடை இங்கிருக்க, முதலாளி அங்கிருந்து போனில் பார்க்க ஆசைப்படுகிறார். நியாயமான ஆசை. ஆனால் இரண்டு மெகாபிட்டில் ஓடும் ஒரு கமராவை இடைவிடாமல் இணையத்தில் அனுப்பினால் மணித்தியாலத்துக்கு 900 மெகாபைட், நாளைக்கு 21 கிகாபைட்டுக்கு மேல் போகும். பதிவு முழுவதையும் கடையிலிருக்கும் ஹார்ட் டிஸ்கில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் பார்க்கும்படி அமையுங்கள். ரவுட்டருக்கும் கமராவுக்கும் வரும்போதே இருந்த இரகசியச் சொல்லை அன்றே மாற்றிவிடுங்கள். 2016இல் ‘மிராய்’ என்ற நச்சு மென்பொருள் உலகமெங்கும் இலட்சக்கணக்கான கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது, தொழிற்சாலையில் வைத்த சொல் மாற்றப்படாமல் இருந்ததால்தான்.

வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகள் கொண்டுவரும் ரவுட்டர்களை வாங்கி விற்கும் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் பல அந்நாட்டுக் கம்பனியின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டவை. வாங்குபவரின் சிம்மைப் போட்டு, இணையம் ஓடுவதைக் காட்டிய பின்னரே காசை எடுங்கள். ஈரமான தானியத்தை அடியில் வைத்து விற்றவரை நபிகளார் (ஸல்) கண்டித்த சம்பவம் எமக்குத் தெரியாததல்ல. பூட்டுள்ள பெட்டியும் அந்த வகைதான். உங்கள் கம்பனி தந்த பழைய பெட்டி உங்களுக்கு விற்கப்பட்டதா, பாவனைக்குத் தரப்பட்டதா என்பதையும் ஒப்பந்தத்தில் பாருங்கள். பாவனைக்கு என்றால் அது அமானிதம். இணைப்பை நிறுத்தும் நாளில் அடப்டரோடு திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுக்க முன்னர், பின்னாலிருக்கும் சிறு துளையில் ஊசியை விட்டுப் பத்து வினாடிகளுக்குக் குறையாமல், விளக்குகள் அணைந்து எரியும்வரை அழுத்துங்கள். உங்கள் வைபைச் சொல்லும் மற்ற விபரங்களும் அழிந்துவிடும்.