வெப்பமண்டலப் பழ மார்கரிட்டா

வெப்பமண்டலப் பழ மார்கரிட்டா என்பது டெக்கீலா, ஆரஞ்சுச் சுவையுள்ள இனிப்பு மது, எலுமிச்சைச் சாறு ஆகிய மூன்றுடன் மாம்பழம், அன்னாசி, கொய்யா போன்ற பழங்களின் கூழையும் சேர்த்துத் தயாரிக்கப்படும் ஒரு காக்டெயில் ஆகும். மூலப் பானமான மார்கரிட்டாவில் புளிப்பு, இனிப்பு, மதுவின் காட்டம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சமன்செய்கின்றன. பழக்கூழ் சேரும்போது இந்தச் சமநிலை மாறுகிறது. எனவே வீட்டில் இதைச் செய்யும்போது, பழத்தின் தன்மைக்கேற்ப எலுமிச்சை, இனிப்பு ஆகியவற்றின் அளவைத் திருத்துவதே முதன்மையான வேலையாகும். பழத்தின் இனிப்பு மதுவின் காட்டத்தை மறைத்துவிடுவதால், அளந்து ஊற்றுவதும் அதே அளவுக்கு முக்கியமானது.

பெயரும் தோற்றமும்

எசுப்பானிய மொழியில் மார்கரிட்டா என்பது டெய்சி மலரைக் குறிக்கும். அது பெண்களுக்கு இடப்படும் பெயரும் ஆகும். மது, எலுமிச்சைச் சாறு, இனிப்பு மது ஆகியவற்றைக் கலந்து செய்யும் ஒரு பழைய பான வகைக்கு டெய்சி என்ற பெயர் முன்பே வழக்கில் இருந்தது. ஆகவே டெக்கீலா கொண்டு செய்த டெய்சியே மார்கரிட்டாவாகப் பெயர்பெற்றது என்ற கருத்து வலுவாக உள்ளது.

இதை உருவாக்கியவர் யார் என்பதில் பல உரிமைகோரல்கள் உள்ளன. திக்குவானாவுக்கு அருகே உணவகம் நடத்திய கார்லோசு எர்ரேரா 1938-இல் உருவாக்கினார் என்பர் சிலர். 1948-இல் அக்கபுல்கோவில் தம் விருந்தினருக்காக மார்கரிட்டா சேம்சு என்ற சீமாட்டி உருவாக்கினார் என்பர் வேறு சிலர். எதுவும் ஐயமின்றி நிறுவப்படவில்லை. 1937-இல் இலண்டனில் வெளியான கஃபே ராயல் காக்டெயில் நூலில், பிக்காடோர் என்ற பெயரில் இதே மூன்று பொருள்களைக் கொண்ட பானம் இடம்பெற்றுள்ளது. மார்கரிட்டா என்ற பெயருடன் இதன் செய்முறை 1953 திசம்பரில் அமெரிக்காவின் எசுக்குவயர் இதழில் வெளியானது.

பழமும் பனிக்கட்டியும் சேர்த்து அரைக்கும் வகை பரவியதில் டல்லசு நகருக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கு 1971-இல் உணவகம் தொடங்கிய மரியானோ மார்ட்டினெசு, மிக்சியில் அரைத்த மார்கரிட்டாவின் சுவை ஒவ்வொரு முறையும் மாறுவதைக் கண்டார். மென்பனிக்கூழ் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து, ஒரே சுவையில் பானம் கிடைக்கும்படி செய்தார். அந்த இயந்திரம் இப்போது வாசிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

அடிப்படைப் பொருள்கள்

டெக்கீலா: நீல அகேவ் என்னும், கற்றாழையைப் போன்ற தோற்றமுடைய தாவரத்தின் நடுத்தண்டை வேகவைத்து, நொதிக்கவைத்து, வடித்தெடுக்கும் மது இது. 1974 முதல் இப்பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு. மெக்சிக்கோவின் ஜலிஸ்கோ மாநிலத்திலும் வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் தயாரிப்பதை மட்டுமே டெக்கீலா என்று அழைக்கலாம். புட்டியில் 100% அகேவ் என்று குறிப்பிடப்படாதவற்றில் சர்க்கரையின் 49% வரை வேறு மூலங்களிலிருந்து வந்திருக்கலாம். பழ மார்கரிட்டாவுக்கு, மரப்பீப்பாயில் முதிர்த்தாத பிளாங்கோ வகை பொருந்தும்.

ட்ரிப்பிள் செக்: ஆரஞ்சுத் தோலின் மணம் ஏற்றிய இனிப்பு மது. குவாந்த்ரோ இவ்வகையைச் சேர்ந்தது. அதில் 40% மதுசாரம் உள்ளது. விலை குறைந்தவற்றில் மதுசாரம் இதைவிடக் குறைவாகவும் இனிப்பு தூக்கலாகவும் இருப்பதுண்டு.

எலுமிச்சை: மெக்சிக்கோவில் லிமோன் எனப்படும் சிறிய, மெல்லிய தோலுள்ள பழமும் தமிழ்நாட்டில் ஊறுகாய்க்கும் சாற்றுக்கும் பயன்படும் எலுமிச்சையும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. எனவே இப்பானத்துக்குத் தனியாக வேறு பழம் தேட வேண்டியதில்லை. சாற்றை அப்போதே பிழிவது நல்லது. புட்டியில் அடைத்த சாற்றில் புளிப்பு இருந்தாலும் மணம் குறைவு.

உப்பு: கோப்பையின் விளிம்பில் ஒட்டும் உப்பு வெறும் அழகுக்காக அன்று. உப்பு நாவில் கசப்பை அடக்கி, இனிப்பை எடுப்பாகக் காட்டுகிறது.

பழங்கள்

அன்னாசி, கொய்யா, பப்பாளி ஆகியவை அமெரிக்கக் கண்டங்களின் வெப்பப் பகுதிகளைத் தாயகமாகக் கொண்டவை. மாம்பழம் தெற்காசியாவிலிருந்து சென்றது. மணிலாவுக்கும் அக்கபுல்கோவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஓடிய எசுப்பானியக் கப்பல்களின் நினைவாக, மெக்சிக்கோவில் ஒரு மாம்பழ வகை இன்றும் மணிலா என்றே அழைக்கப்படுகிறது.

அடிப்படை அளவு

பன்னாட்டு மதுக்கலவையாளர் சங்கத்தின் மார்கரிட்டாவில் டெக்கீலா 50 மி.லி., ட்ரிப்பிள் செக் 20 மி.லி., எலுமிச்சைச் சாறு 15 மி.லி. இடம்பெறுகின்றன. இதில் இனிப்பான பழக்கூழை அப்படியே சேர்த்தால் பானம் திகட்டும். ஆகவே ஒரு கோப்பை மாம்பழ மார்கரிட்டாவுக்குப் பின்வரும் அளவு பொருந்தும்:

- டெக்கீலா 50 மி.லி.
- ட்ரிப்பிள் செக் 15 மி.லி.
- எலுமிச்சைச் சாறு 25 மி.லி.
- வடிகட்டிய மாம்பழக்கூழ் 60 மி.லி.
- பனிக்கட்டி ஒரு கைப்பிடி
- விளிம்புக்கு உப்பு

பிற பழங்களுக்குச் செய்யும் மாற்றங்கள்:

- அன்னாசி: பழத்திலேயே புளிப்பு இருப்பதால் எலுமிச்சை 15 முதல் 20 மி.லி. போதும். குலுக்கும்போது நுரை எழும். சாடியை நிரப்பாமல் இடம் விட வேண்டும்.
- கொய்யா: விதைகளை வடிகட்டி நீக்க வேண்டும். கூழ் கெட்டியாக இருந்தால் சிறிது குளிர்ந்த நீர் சேர்க்கலாம்.
- பப்பாளி: புளிப்பு மிகக் குறைவு. எலுமிச்சை 30 மி.லி. தேவைப்படும். நன்கு கனிந்த பழமே ஏற்றது.
- கொடித்தோடை: புளிப்பு மிகுதி. எலுமிச்சையை 10 மி.லி. ஆகக் குறைத்து, சம அளவு சர்க்கரையும் நீரும் சேர்த்த பாகு 15 மி.லி. சேர்க்க வேண்டும்.

செய்முறை

1. பழத்தைத் தோல், கொட்டை நீக்கி மிக்சியில் அரைத்து வடிகட்ட வேண்டும். நார் மிகுந்த மாம்பழத்தை வடிகட்டாமல் விட்டால் பானம் தொண்டையில் தடுக்கும்.
2. கோப்பையின் வெளிவிளிம்பை எலுமிச்சைத் துண்டால் நனைத்து, தட்டில் பரப்பிய பொடித்த கல்லுப்பில் ஒற்ற வேண்டும். விளிம்பின் பாதிக்கு மட்டும் உப்பிட்டால், வேண்டாதவர் மறுபாதியில் அருந்தலாம். மெக்சிக்கோவில் வழங்குவதுபோல், உப்புடன் மிளகாய்த்தூளும் கலக்கலாம். மாம்பழத்துக்கு இது மிகவும் பொருந்தும்.
3. பொருள்களை இறுக்கமான மூடியுள்ள சாடியில் பனிக்கட்டியுடன் இட்டு 12 முதல் 15 வினாடிகள் வேகமாகக் குலுக்க வேண்டும். இதில் உருகும் நீரும் பானத்தின் ஒரு பகுதியே. அது காட்டத்தைத் தணிக்கிறது.
4. புதிய பனிக்கட்டி இட்ட கோப்பையில் வடிகட்டி ஊற்ற வேண்டும்.

உறைந்த வகை வேண்டுமெனில் பனிக்கட்டியைக் கூட்டுவதைவிட, பழத்துண்டுகளை முதல் நாளே உறையவைத்து அரைப்பது நல்லது. பனிக்கட்டி உருகினால் சுவை நீர்த்துப்போகும். உறைந்த பழம் உருகினாலும் பழமாகவே இருக்கும். குளிர் கூடும்போது நாவுக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். எனவே உறைந்த வகையில் இனிப்பு சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம்.

சுவையைத் திருத்தல்

குலுக்கியபின் ஒரு தேக்கரண்டி எடுத்துச் சுவைத்துப் பார்க்க வேண்டும். திகட்டினால் எலுமிச்சைச் சாற்றை 5 மி.லி. வீதம் சேர்க்கலாம். புளிப்பு மேலோங்கினால் பாகு சேர்க்கலாம். சுவை மந்தமாக இருந்தால் ஒரு சிட்டிகை உப்பு போதும். கசந்தால், எலுமிச்சையை மிகையாக அழுத்திப் பிழிந்திருக்கலாம் அல்லது தோலோ விதையோ அரைபட்டிருக்கலாம். எந்தக் குறையையும் டெக்கீலாவைக் கூட்டிச் சரிசெய்ய முயலக் கூடாது.

மதுவின் அளவு

மேற்கண்ட கோப்பையில், டெக்கீலாவும் ட்ரிப்பிள் செக்கும் 40% செறிவுள்ளவை எனில், ஏறத்தாழ 20 கிராம் தூய மதுசாரம் இருக்கும். அமெரிக்காவில் ஒரு நிலை அளவு என்பது 14 கிராம். அதாவது ஒரு கோப்பை அருந்துபவர் ஏறத்தாழ ஒன்றரை அளவு அருந்துகிறார். பழச்சாறு போன்ற சுவையால் இது அவருக்குத் தெரிவதில்லை. பெரிய குடத்தில் கலந்து வைக்கும்போது இந்தக் குழப்பம் இன்னும் கூடும். எட்டுப் பேருக்குக் கலந்தால் டெக்கீலா 400 மி.லி. என அளந்து ஊற்றி, அதில் எத்தனை கோப்பை உள்ளன என்பதைக் குடத்தின் மீது எழுதி வைப்பது பயனுள்ள வழக்கம். இதில் மது உள்ளது என்பதையும் எழுதுவது, குழந்தைகள் பழச்சாறு என எண்ணி எடுப்பதைத் தடுக்கும்.

மதுவில் உடல்நலத்துக்குத் தீங்கற்ற அளவு என ஒன்றில்லை என்று உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் அறிவித்தது. கருவுற்றவர்களும் வாகனம் ஓட்ட இருப்பவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

எலுமிச்சையும் வெயிலும்

எலுமிச்சைச் சாற்றிலும் தோலிலும் உள்ள ஃபுரானோகூமரின் என்னும் வேதிப்பொருள்கள் தோலில் பட்ட நிலையில் வெயில் பட்டால், தீக்காயம் போன்ற சிவப்பும் கொப்புளங்களும் தோன்றலாம். இவை பெரும்பாலும் மறுநாளே தெரியவரும்; கருத்த தழும்பு பல வாரங்கள் நிற்கும். இதற்கு மார்கரிட்டாத் தீக்காயம் என்ற பெயரும் வழங்குகிறது. தோட்டத்திலோ கடற்கரையிலோ விருந்து நடந்தால், பழத்தை வீட்டுக்குள் பிழிந்து, கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின் வெளியே செல்வது பாதுகாப்பானது.

மதுவற்ற வகை

டெக்கீலாவுக்கும் ட்ரிப்பிள் செக்குக்கும் பதிலாக ஆரஞ்சுச் சாறு 30 மி.லி., சோடா அல்லது இளநீர் 60 மி.லி. சேர்த்து இதே முறையில் செய்யலாம். சோடாவைக் குலுக்காமல் கடைசியில் ஊற்ற வேண்டும். மதுவின் காட்டம் இல்லாததால் இனிப்பு முன்னே நிற்கும். அதைச் சமன்செய்ய எலுமிச்சையைச் சற்றுக் கூட்டி, விளிம்பில் மிளகாய் கலந்த உப்பை இடலாம்.