உறையும் உறைநீக்கமும்

வன்னி நாட்டிலே பனி என்றால் மார்கழி விடியலிற் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியே. நீர் உறைந்து கல்லாவதைக் குளிர்ப்பெட்டியிலன்றி இங்குள்ளார் கண்டிலர். ஆயினும், பாரிஸ் நகர விமான நிலையமொன்றிற் பணிபுரியும் என் பழைய மாணாக்கர் ஒருவர், "ஐயா, விமானச் சிறகிற் படியும் பனிக்கும், அதற்காக நாங்கள் செய்யும் தொழிலுக்கும் தமிழ்ச்சொற்கள் யாவை?" என வினவி எழுதினார். 'பனிநீக்கம்' என ஒரு சொல்லில் விடை விடுத்தேன். அது போதாதென்பதை அவருடைய மறுமடல் உணர்த்திற்று.

பிரெஞ்சு மொழியார் சிறகிற் படிவதை இருவகைப்படுத்துவர். முகிலின் நுண்துளிகள் பட்டவுடன் உறைந்து, இடையிடையே காற்றை அடக்கி, வெண்மையாய்க் கரடுமுரடாய் நிற்பது 'ஜிவ்ர்'. பெருந்துளிகள் பரவி மெல்ல உறைந்து, தெளிவாய் இறுகப் பற்றுவது 'வெர்கிளா'. கண்ணாடி, பனிக்கட்டி என்னும் பொருளுடைய இரு சொற்கள் புணர்ந்து ஆயது அது. கையாற் தடவிடச் சொரசொரக்கும் மெல்லிய படிவே சிறகின் தூக்கும் ஆற்றலை 30 சதவீதம் வரை குறைத்துவிடும் என்பர். படிந்ததைச் சூடேற்றிய கிளைக்கோற் கலவையாற் கழுவுதல் 'தெஜிவ்ராஜ்'. தடித்த திரவம் பூசிச் சிறிது நேரம் படியாமற் காத்தல் 'ஆந்திஜிவ்ராஜ்'.

இது வெறுஞ் சொல் வேறுபாடன்று. 1982 ஜனவரி 13ஆம் நாள் வாஷிங்டனில் ஒரு விமானத்தின் பனியைப் போக்கினர். பின்னர் அது ஏறக்குறைய 49 நிமிடம் கொட்டும் பனியிற் காத்து நின்றது. சிறகில் மீண்டும் பனி படிந்தது. பொறிகளுக்குரிய தடுப்புக் கருவியும் இயக்கப்படவில்லை. எழுந்த விமானம் பாலமொன்றில் மோதிப் பொற்றோமாக் ஆற்றில் வீழ, 78 உயிர்கள் மாய்ந்தன. நீக்கம் நிகழ்ந்தது, தடுப்பு நிகழவில்லை.

ஆதலின் என் விடையைத் திருத்தினேன். 'உறை' என்னும் சொல்லுக்குக் குளிரால் இறுகுதல் என்றும், மேல் மூடுவது என்றும், பாலைத் தயிராக்க இடும் மோர் என்றும் பொருளுண்டு. மூன்றும் ஈண்டுப் பொருந்துகின்றன. முகிற்றுளி பூச்சியப் பாகைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாது நீராகவே மிதக்கும். சிறகு பட்டதும், உறைமோர் பட்ட பால்போல உறைந்து, சிறகுக்கே உறையாகிவிடும். எருமைத்தயிருக்குப் பேர்போன வன்னியிலே இதற்கு மேல் விளக்கம் வேண்டுமோ? எனவே, ஜிவ்ர் வெண்ணுறை; வெர்கிளா பளிங்குறை; தொழில்கள் உறைநீக்கம், உறைதடுப்பு.

இவற்றினும் பொருத்தமான சொற்களை அறிந்த அன்பர்கள் அறிவிப்பின் மகிழ்ந்து ஏற்பேன். பொருளைக் காணாது சொல்லாக்கப் புகுந்த என்னை, பொருளோடு நாளும் பழகும் மாணாக்கர் ஒருவரே திருத்தினார் அன்றோ!