மனநோய்க்கும் ஓர் "உயில்"!

சொத்துக்கு உயில் எழுதுகிறோம். அது நாம் கண்ணை மூடிய பிறகு பேசும். உயிரோடு இருக்கும்போதே நமக்காகப் பேசும் காகிதம் ஒன்று உண்டு. பலருக்கு அது தெரியாது!

2017-ல் பார்லிமெண்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. 2018 மே 29 முதல் அது அமலில் இருக்கிறது. அதன்படி, 18 வயது நிரம்பிய எவரும், "எனக்கு மனநோய் கண்டு, முடிவு செய்யும் சக்தி போய்விட்டால் இந்தச் சிகிச்சை கொடுங்கள், இது வேண்டாம், எனக்காக இன்னார் பேசட்டும்" என்று எழுதி வைக்கலாம். முன்பு மனநோய் வந்தவரா, வராதவரா என்ற கேள்வியே இல்லை.

நோயாளி வாயைத் திறந்தாலே, "பைத்தியம் உளறுகிறது" என்று தள்ளிவிடுவார்கள். அண்ணன் ஒன்று சொல்வார். மாமனார் வேறொன்று சொல்வார். நோயாளியை யார் கேட்டார்கள்? ஆனால், தெளிவாக இருந்தபோது அவரே எழுதியதை அப்படித் தள்ளிவிட முடியாது. டாக்டர் அதன்படி நடக்கவேண்டும். டாக்டருக்கோ உறவினருக்கோ அது சம்மதம் இல்லை என்றால், மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மனுச் செய்யவேண்டும். வாரியம் விசாரித்து முடிவு சொல்லும்.

அவசரச் சிகிச்சையை மட்டும் இந்தக் காகிதம் தடுக்காது. நோயாளிக்குத் தெளிவு வந்துவிட்டால், பிறகு அவர் வாய்ச்சொல்தான் செல்லும். எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; ரத்தும் செய்யலாம்.

எழுதிப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள்! அது டாக்டர் கைக்குக் கிடைக்கும்படி செய்வது, எழுதியவரும் அவர் நியமித்தவரும் செய்யவேண்டிய வேலை. நகல் கிடைக்காத டாக்டர்மேல் குற்றம் சொல்ல முடியாது.