வேலே மூலமூர்த்தி

முருகன் கோயில்கள் பெரும்பாலானவற்றில் வேல் அப்பெருமானின் திருக்கரத்து விளங்கும் படைக்கலமாகும். யாழ்ப்பாணத்து நல்லூரிலோ, கருவறையின்கண் மூலமூர்த்தியாக எழுந்தருளியிருப்பது வேலேயாம். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் அவ்வாறே. கைக்கொண்ட கருவியே கடவுளாக வழிபடப்படுதல் தகுமோ?

இவ்வினாவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வன்மையாக எழுப்பியவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் (1822–1879). திருவுருவத்தைப் பிரதிட்டை செய்து ஆகம விதிப்படி பூசித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நல்லூர் அவர் பிறந்த ஊர். ஆயினும் தம்மூர்க் கோயிலென்று அவர் தாட்சணியம் பாராட்டினாரல்லர்.

பழைய நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தனர். இப்போதுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734ஆம் ஆண்டளவில், எழுந்தது. அந்நெருக்கடியில் திருவுருவம் அமைத்தற்கு வாய்ப்பின்றி வேலை வைத்தனர் எனக் கருத இடமுண்டு. ஆயின் அக்காரணம் ஒன்றே போதாது. வேல் வழிபாடு அதனினும் மிகத் தொன்மையானது. புகார் நகரத்துக் கோயில்களைக் கூறுமிடத்துச் சிலப்பதிகாரம் வேற்கோட்டம் ஒன்றையுங் குறிக்கின்றது. மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர் அகழ்ந்து காணப்பட்ட பழைய செங்கற்கோயிலில் கல்லாலாய வேல் ஒன்று வெளிப்பட்டது. சங்கச் செய்யுட்களில் வெறியாடும் பூசகன் வேலேந்தி நிற்றலாலன்றோ வேலன் எனப் பெயர் பெற்றான்!

செல்வச்சந்நிதியில் இப்பழைமையின் சாயலை இன்றுங் காணலாம். அங்குப் பூசை செய்வோர் அந்தணரல்லர்; கப்புறாளைமார். அவர்கள் வாயைத் துணியாற் கட்டி, மந்திரம் ஓதாது, மௌனமாகவே பூசை ஆற்றுவர். ஆலிலையில் அமுது படைப்பர். கதிர்காமத்திலும் கப்புறாளைமாரே பூசகர். அங்கே திருவுருவத்தைக் காண்பார் இல்லை. திரைக்கே வழிபாடு நிகழும். விழாக்காலத்திற் பேழையிலிட்டு யானைமீது உலாப்போவது இயந்திரமே. தமிழரும் சிங்களவரும் அதனை ஒருங்கே வணங்குவர்.

ஆகமத்தை அளவுகோலாகக் கொள்ளின் நாவலர் கண்டனம் நேரியதே. எனினும், அவர் போற்றிய சைவசித்தாந்தத்திலேயே இதற்கு விடையும் உண்டு. வேல் முருகப்பெருமானின் ஞானசத்தி என்பர் சைவர். தீயும் சூடும் போலச் சத்தியும் சத்திமானும் பிரிவின்றி நிற்பன எனின், வேலை வணங்குவோர் வேலனையே வணங்கினோராவர். நாவலர் கண்டித்து ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. நல்லூர்க் கருவறையில் வேலே விளங்குகின்றது.